கேள்வி கேட்கத் தெரிந்தால் போதுமா? அமெரிக்க மருத்துவமனைகளில் ஸ்பானிஷ்

மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகள் எழுதி, அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி கிடைத்துப் போகும் டாக்டருக்கு ஆங்கிலம் பற்றிய கவலை நிச்சயம் இருக்கும். தன் உச்சரிப்பு நோயாளிக்குப் புரியுமா, அவர் வேகமாகப் பேசினால் தனக்குப் புரியுமா என்றெல்லாம் யோசிப்பார். ஸ்பானிஷ் பற்றி யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் விசா விதிகளே பலரை அந்த மொழியிடம் கொண்டுபோய் விடுகின்றன. ஜே-1 விசாவில் பயிற்சி பெற்றவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்துவிட்டுத்தான் திரும்ப வரலாம். இதிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் பெரும்பாலும் மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். 1994இல் தொடங்கிய கான்ராட் திட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலமும் வருடத்துக்கு 30 டாக்டர்களுக்கு இந்த விலக்கைப் பெற்றுத் தரலாம். சரி, பற்றாக்குறைப் பகுதிகள் எங்கே இருக்கின்றன? டெக்சஸின் தென்கோடியில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில், கலிபோர்னியாவின் நடுவே திராட்சையும் பாதாமும் விளையும் சென்ட்ரல் வேலியில், நியூ மெக்சிகோவின் சிற்றூர்களில். மெக்காலன் நகரம் இருக்கும் இதால்கோ கவுன்டியில் (மாவட்டத்தில்) பத்தில் ஒன்பது பேருக்கு மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். அங்கே ஓ.பி.யில் உட்காரும் டாக்டருக்கு ஸ்பானிஷ் அன்றாடத் தேவை.

அமெரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டால், வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கு மேல். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் எல்லா மொழியினரையும் சேர்த்து ஏறக்குறைய 2.5 கோடிப் பேர் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களில் பெரும்பான்மையோரின் தாய்மொழி ஸ்பானிஷ். அதனால்தான் அந்நாட்டின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் ஏதோ ஒரு வடிவில் மருத்துவ ஸ்பானிஷ் வகுப்பு நடக்கிறது. நர்சிங் மாணவர்களுக்கும் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன.

இந்த வகுப்புகள் வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கேள்வி கேட்கச் சொல்லித்தருகிற அளவுக்குப் பதிலைப் புரிந்துகொள்ளச் சொல்லித்தருவதில்லை. "எங்கே வலிக்கிறது?" என்று ஸ்பானிஷில் கேட்க ஒரு நாள் போதும். அதற்கு ஒரு பாட்டி மூச்சுவிடாமல் சொல்லும் பதில், எப்போது ஆரம்பித்தது, யார் என்ன மருந்து கொடுத்தார்கள், எதனால் வந்தது என்று அவர் நினைக்கிறார் என்பதெல்லாம் கலந்து வரும். அதைப் பிடிக்க வருடங்கள் ஆகும். டாக்டர் அழகாகக் கேள்வி கேட்டுவிட்டதால், அவருக்கு மொழி தெரியும் என்று நம்பி நோயாளியும் முழு வேகத்தில் பேசத் தொடங்கிவிடுவார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மொழி இடைவெளி எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1960களின் பிற்பகுதியிலிருந்து 1970களின் முற்பகுதி வரை, அந்த நகரின் பெரிய பொது மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த மெக்சிக வம்சாவளிப் பெண்கள் பலருக்கு அவர்கள் புரிந்து சம்மதிக்காமலேயே கருத்தடை அறுவை செய்யப்பட்டது. பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தவர்களிடம், சிசேரியனுக்கு முன்னால், ஆங்கிலத்தில் அச்சடித்த சம்மதப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். இனிமேல் குழந்தை பிறக்காது என்பதே சிலருக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அங்கே பயிற்சியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் ஆவணங்களைத் திரட்டி வெளியே கொடுத்ததால் விஷயம் வெளிவந்தது. பத்துப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். மாட்ரிகல் எதிர் குவில்லிகன் என்ற அந்த வழக்கில் 1978இல் தீர்ப்பு மருத்துவமனைக்குச் சாதகமாக வந்தது. டாக்டர்களுக்கும் நோயாளிகளுக்கும் இடையே பேச்சு சரியாகப் போய்ச் சேராததால் நேர்ந்தது என்ற அளவில் நீதிபதி முடித்துக்கொண்டார்.

பேச்சு போய்ச் சேரவில்லை என்றால் அதற்கு யார் பொறுப்பு? அந்தக் கேள்விக்கு நீதிமன்றத்தில் கிடைக்காத பதில் விதிமுறைகளில் கொஞ்சம் கிடைத்தது. அந்தக் காலகட்டத்தில் எழுந்த போராட்டங்களுக்குப் பிறகு, கூட்டாட்சி அரசின் பணத்தில் செய்யப்படும் கருத்தடைக்கு 30 நாள் காத்திருப்பும், நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கமும் கட்டாயமாயின. இன்றும் அந்தப் படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் தனியாகக் கையெழுத்திட ஓர் இடம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி நிர்வாகம் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டது 2018இல். மருத்துவ ஸ்பானிஷ் பாடம் எதுவாக இருந்தாலும் இந்த வழக்கிலிருந்து தொடங்கவேண்டும் என்று நினைக்கிறேன். உடல் உறுப்புகளின் பெயர்ப் பட்டியலை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

சட்டத்தின் பக்கம் வேறு சில படிகளும் உண்டு. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி, அரசு நிதி பெறும் எந்த நிறுவனமும் பிறந்த நாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. மொழி தெரியாதவரை ஒதுக்குவதும் அந்தப் பாகுபாட்டில் அடங்கும் என்பதற்கு 1974இல் உச்ச நீதிமன்றம் ஒரு பள்ளிக்கூட வழக்கில் வழி வகுத்தது. 2010இல் வந்த சுகாதாரச் சட்டத்தின் 1557ஆம் பிரிவும், அதன்கீழ் 2016இல் வந்த விதிகளும் இன்னும் தெளிவானவை. நோயாளிக்குத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரவேண்டும். அவசர நிலை தவிர வேறெப்போதும் குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது. தனக்கு அந்த மொழி தெரியும் என்று ஊழியர் தாமே சொல்லிக்கொள்வது போதாது, தேர்ச்சி நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும்.

குழந்தைகளைப் பற்றிய விதி காரணமில்லாமல் வந்ததல்ல. 2003இல் கிளென் ஃப்ளோரெஸ் என்ற குழந்தை நல மருத்துவரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழந்தைகள் ஓ.பி.யில் மொழிபெயர்ப்பின் துணையோடு நடந்த 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து வரி வரியாகப் பார்த்ததில் மொத்தம் 396 பிழைகள் கிடைத்தன. சந்திப்புக்குச் சராசரியாக 31. அவற்றில் 63 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. மொழிபெயர்த்தவர்களில் நோயாளியின் 11 வயது உடன்பிறப்பும் ஒருவர். மருந்து ஒவ்வாமை பற்றிய கேள்வியே விடுபட்டிருக்கிறது. முகத்தில் மட்டும் தடவ வேண்டிய களிம்பை உடம்பு முழுக்கத் தடவச் சொல்லியிருக்கிறார்கள். காதுத் தொற்றுக்கு வாய்வழி கொடுக்க வேண்டிய ஆன்டிபயாடிக்கைக் காதுக்குள் விடச் சொல்லியிருக்கிறார்கள். இவையெல்லாம் நல்லெண்ணத்தோடு உதவ வந்தவர்களிடம் நடந்தவை.

அதே ஆய்வாளர் 2012இல் அவசரப் பிரிவுகளில் நடத்திய ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. சிகிச்சையைப் பாதிக்கக்கூடிய பிழைகளின் பங்கு, தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இருந்தபோது 12 சதவீதம். கையில் கிடைத்தவரை வைத்துச் சமாளித்தபோது 22. யாருமே இல்லாதபோது 20. கையில் கிடைத்தவரை வைத்துக்கொள்வது யாரும் இல்லாமல் இருப்பதைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. 100 மணி நேரமாவது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்களிடம் அந்தப் பங்கு 2 சதவீதமாகக் குறைந்தது. அமெரிக்காவில் மருத்துவ மொழிபெயர்ப்புக்குச் சான்றிதழ் தரும் இரண்டு அமைப்புகளும் கேட்கும் குறைந்தபட்சப் பயிற்சி 40 மணி நேரம்தான். அந்த இடைவெளியை நிரப்புவது மருத்துவமனைகளின் வேலை.

சரி, டாக்டரே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டால் இந்தச் சிக்கலெல்லாம் தீர்ந்துவிடாதா? இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். 1995இல் வெளியான ஓர் ஆய்வில் அவசரப் பிரிவுப் பயிற்சி டாக்டர்களுக்கு 45 மணி நேர ஸ்பானிஷ் வகுப்பு நடத்தி, பிறகு அவர்கள் நோயாளிகளோடு பேசியதைக் கவனித்தார்கள். பாதிக்கு மேற்பட்ட உரையாடல்களில் சிறு பிழைகள் இருந்தன. 14 சதவீத உரையாடல்களில் பெரும் பிழைகள்: நோய் எத்தனை நாளாக இருக்கிறது என்பதையே தவறாகப் புரிந்துகொண்டது போன்றவை. 2002இல் வந்த இன்னோர் ஆய்வில் குழந்தைகள் அவசரப் பிரிவைச் சேர்ந்த 9 டாக்டர்களுக்கு 10 வாரம் வகுப்பு நடந்தது. அதன் பிறகு பெற்றோரின் மனநிறைவு கூடியது. டாக்டர் நம் குழந்தைமேல் அக்கறை காட்டினார், மரியாதையாகப் பேசினார், காது கொடுத்துக் கேட்டார் என்று முன்பைவிட அதிகம் பேர் உறுதியாகச் சொன்னார்கள். அதே சமயம் டாக்டர்கள் மொழிபெயர்ப்பாளரை அழைப்பது கணிசமாகக் குறைந்துவிட்டது.

இந்த இரண்டு விளைவுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். நோயாளிக்கு மனநிறைவு கூடுகிறது, பிழை தடுக்கும் ஆளோ அறையில் இல்லை. தன் மொழியில் நாலு வார்த்தை பேசிய டாக்டரிடம், "எனக்குப் புரியவில்லை, ஆளைக் கூப்பிடுங்கள்" என்று சொல்ல நோயாளிக்கு மனம் வராது. இந்தத் துறையில் இதற்குப் போலிச் சரளம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2009இல் வெளியான ஆய்வொன்றில் பயிற்சி டாக்டர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். மொழிபெயர்ப்பாளரை அழைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் வார்டில் நேரம் இல்லை; போன் போட்டுக் காத்திருப்பதைவிட இருக்கிற ஸ்பானிஷை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. இதை அந்த இளம் டாக்டர்களின் குணக்கேடாக நான் பார்க்கவில்லை. இரவு டூட்டியில் பன்னிரண்டு நோயாளிகளைக் கையில் கொடுத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் போனை வார்டின் கடைசி மூலையில் வைத்தால் யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்வார்கள்.

அப்படியானால் என்னதான் கற்க வேண்டும்? முதலில் காலம். ஸ்பானிஷில் "ஆசே த்ரேஸ் தீயாஸ் கே தெங்கோ ஃபியெப்ரே" என்றால் மூன்று நாளாகக் காய்ச்சல் இருக்கிறது. "துவே ஃபியெப்ரே ஆசே த்ரேஸ் தீயாஸ்" என்றால் மூன்று நாளைக்கு முன் காய்ச்சல் இருந்தது. மூன்று, நாள், காய்ச்சல் ஆகிய மூன்று சொற்களை மட்டும் பிடித்துக்கொள்ளும் அரைகுறைக் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். இறந்தகால வடிவங்களும் அப்படித்தான். "மே தொலியோ" என்றால் வலித்தது, முடிந்துவிட்டது. "மே தொலீயா" என்றால் அந்த நாட்களில் வலித்துக்கொண்டிருந்தது. நெஞ்சுவலி என்று வந்தவரிடம் இந்த வேறுபாடு தவறினால் ஹிஸ்டரியே தவறிப்போகும். தொடக்க வகுப்புகள் நிகழ்காலத்தோடு நின்றுவிடுகின்றன. நோயாளி சொல்வதோ பெரும்பாலும் நடந்து முடிந்த கதை.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த மொழியில் சில சௌகரியங்கள் உண்டு. ஸ்பானிஷின் "த" நம்முடைய த போலவே பல்லில் நாக்குப் படும் ஒலி. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் அதற்குத் தடுமாறுவார்கள். ஞ அப்படியே இருக்கிறது. "மே துவேலே லா கபேசா" என்ற வாக்கியம் "எனக்குத் தலை வலிக்கிறது" என்பதன் அதே அமைப்பு: வலிப்பது தலை, வலி யாருக்கு என்பது வேற்றுமையில் வருகிறது. நீ, நீங்கள் என்பதுபோல "தூ", "உஸ்தேத்" என்ற இரண்டு நிலைகளும் உண்டு. வயதானவரிடம் "தூ" போட்டுப் பேசினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிரமம் வேறிடத்தில் வரும். தமிழில் குறில் நெடில் பொருளை மாற்றும், அழுத்தம் மாற்றாது. ஸ்பானிஷில் நேர் எதிர். "தோமோ லா பஸ்தீயா" என்று முதல் அசையை அழுத்தினால் நான் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று பொருள். "தோமோ" என்பதன் கடைசி அசையை அழுத்தினால் அவர் சாப்பிட்டார் என்றாகிவிடும். மருந்து யார் சாப்பிட்டது, இப்போதும் சாப்பிடுகிறாரா என்பது ஓர் அழுத்தத்தில் மாறுகிறது. புத்தகத்தைப் பார்த்து மட்டும் கற்றவருக்கு இது காதில் ஏறாது. நிறையக் கேட்க வேண்டும், அதுவும் மெக்சிகோ, குவாத்தமாலா, போர்ட்டோ ரிகோ, கியூபா என்று ஊருக்கு ஊர் மாறும் பேச்சைக் கேட்க வேண்டும். கரீபியத் தீவுக்காரர்கள் சொல்லின் கடைசியில் வரும் "ஸ்" ஒலியை விழுங்கிவிடுவார்கள்.

அடுத்தது, மக்கள் நோயைப் பற்றிப் பேசும் விதம். மெக்சிகோ கிராமத்திலிருந்து வந்தவர் பெரும்பாலும் நீரிழிவு என்ற முழுப்பெயரைச் சொல்ல மாட்டார். "அசூகர்" இருக்கிறது என்பார், நம் ஊரில் சுகர் இருக்கு என்பது மாதிரியே. அந்தச் சர்க்கரை நோய் ஒரு பெரிய பயத்தால், அவர்கள் "சுஸ்தோ" என்று சொல்லும் அதிர்ச்சியால் வந்தது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். இதைக் கேட்டு டாக்டர் முகம் சுளித்தால், அடுத்த தடவை நோயாளி அதைச் சொல்லவே மாட்டார். எந்த நம்பிக்கையோடு அவர் மாத்திரையைச் சாப்பிடுகிறார், எதனால் பாதியில் நிறுத்தினார் என்பதும் தெரியாமல் போகும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் உண்டு. குழந்தைக்கு வயிறு உப்பி, சாப்பாடு பிடிக்காமல், வாந்தியோ பேதியோ வந்தால் "எம்பாச்சோ" என்பார்கள். சாப்பிட்டது குடலில் ஒட்டிக்கொண்டது என்று நினைப்பு. வயிற்றை நீவிவிடுவது, மூலிகைக் கஷாயம் கொடுப்பது என்று பெரும்பாலான கைவைத்தியங்கள் தீங்கில்லாதவை. ஆனால் "கிரேத்தா", "அசர்கோன்" என்ற பெயர்களில் விற்ற மஞ்சள், ஆரஞ்சு நிறப் பொடிகள் கிட்டத்தட்ட முழுக்க ஈயம். 1980களின் தொடக்கத்தில் இந்தப் பொடிகளால் குழந்தைகளுக்கு ஈய நஞ்சேறியது அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. "வேறு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?" என்று இலக்கண சுத்தமான ஸ்பானிஷில் கேட்டாலும் தாய் இல்லை என்றுதான் சொல்வார், ஏனென்றால் அவர் கணக்கில் அது மருந்தே இல்லை. எம்பாச்சோவுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும். அதையும் குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேட்க வேண்டும்.

ஸ்பானிஷ் கற்ற டாக்டர் எளிதில் தவறவிடும் இன்னொரு கூட்டம் உண்டு: ஸ்பானிஷ் பேசுவார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறவர்கள். கலிபோர்னியாவின் வயல்களில் வேலை செய்கிறவர்களில் பலர் மெக்சிகோவின் வஹாகா மாநிலத்துப் பழங்குடியினர். வீட்டில் பேசுவது மிஸ்தெக், சபோதெக் அல்லது திரிக்கி. குவாத்தமாலாவிலிருந்து வருகிறவர்கள் மாம், கிச்சே போன்ற மாயா மொழிகளைப் பேசுவார்கள். ஸ்பானிஷ் அவர்களுக்குக் கடைத்தெருவில் சமாளிக்கிற மொழி. மெக்சிகோவிலேயே அந்த மொழிகளைப் பேசுவதற்காகக் கேலி செய்யப்பட்டவர்கள் என்பதால், ஸ்பானிஷ் தெரியுமா என்று கேட்டால் "சீ" (ஆமாம்) என்று தலையாட்டிவிடுவார்கள். சலினாஸ் நகரில் உள்ள நதிவிதாத் மருத்துவமனை போன்ற சில இடங்களில் இந்த மொழிகளுக்கென்றே ஆட்களைப் பயிற்றுவித்திருக்கிறார்கள். மிஸ்தெக்கிலிருந்து ஸ்பானிஷுக்கு ஒருவர், ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு இன்னொருவர் என்று இரண்டு பேர் வழியாகப் பேச்சு போவதும் உண்டு. நேரம் ஆகும், பொறுமை வேண்டும். வேறு வழியில்லை.

மருத்துவமனைகளில் ஸ்பானிஷ் தெரிந்த நர்சுகளும் உதவியாளர்களும் சுமக்கும் பாரத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. தன் வார்டு வேலையை விட்டுவிட்டு அடுத்த வார்டுக்கு ஓடி மொழிபெயர்த்துவிட்டு வந்து, விட்ட வேலையைத் தொடர வேண்டும். பல இடங்களில் இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, தேர்வும் கிடையாது. கைசர் பெர்மனென்டே போன்ற பெரிய மருத்துவ அமைப்புகள் டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் மொழித்தேர்வு வைத்து, தேறியவரை மட்டும் அந்த மொழியில் பணி செய்ய அனுமதிக்கும் முறையைக் கொண்டுவந்தன. இது எல்லா இடத்துக்கும் பரவ வேண்டும். தேர்வு என்றவுடன் அவமானமாக நினைக்கும் டாக்டர்கள் உண்டு. ஊசி போடுவதற்கும் தையல் போடுவதற்கும் தேர்ச்சியை நிரூபிக்கிறவர்கள், சம்மதம் வாங்குவதற்கு நிரூபிப்பதில் என்ன குறைந்துவிடும்?

செல்போன் மொழிபெயர்ப்புச் செயலிகள் இருக்கும்போது இவ்வளவும் எதற்கு என்று இப்போது கேட்கிறார்கள். தண்ணீர் வேண்டுமா, கழிப்பறை எங்கே என்பதற்கெல்லாம் அவை உதவும். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் மருந்துக் குறிப்பு போன்ற முக்கியமான எழுத்துகளை இயந்திரம் மொழிபெயர்த்தால், தகுதியுள்ள மனிதர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று 1557ஆம் பிரிவின்கீழ் 2024இல் வந்த விதி சொல்கிறது. மறுபக்கம், ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர்களுக்கு அரசுச் சேவைகள் கிடைக்கச் செய்வதற்காக 2000இல் பிறப்பிக்கப்பட்ட அதிபர் ஆணை, 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை அதிகாரபூர்வ மொழியாக அறிவித்த புதிய ஆணையால் ரத்தானது. 1964, 2010 சட்டங்களை ஓர் ஆணை மாற்றிவிட முடியாது, அவை அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் செலவைக் குறைக்கக் காரணம் தேடும் நிர்வாகிக்கு இப்படி ஓர் ஆணை போதுமான சாக்கு.

ஸ்பானிஷ் வகுப்பு நடத்தும் மருத்துவமனைகளிடம் நான் எதிர்பார்ப்பது பெரிய விஷயமல்ல. முதல் வாரத்தில் வணக்கம் சொல்லக் கற்றுத்தரும்போதே, "மொழிபெயர்ப்பாளரை அழைக்கிறேன், ஒரு நிமிடம்" என்ற வாக்கியத்தையும் கற்றுத்தர வேண்டும். எந்த இடங்களில் பேச்சைத் தானே நடத்தக்கூடாது என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும்: சம்மதம் வாங்குவது, கெட்ட செய்தி சொல்வது, மருந்தின் அளவை மாற்றுவது, மனநிலை பற்றி விசாரிப்பது. ஒவ்வொரு அறையிலும் மொழிபெயர்ப்பு இணைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வகுப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து, படித்த டாக்டர்கள் மொழிபெயர்ப்பாளரை முன்பைவிடக் குறைவாக அழைக்கிறார்களா என்று கணக்குப் பார்க்க வேண்டும். மொழித்தேர்வில் தேறாதவர்களிடம் அந்த எண்ணிக்கை குறைந்திருந்தால், பாடத்தை மாற்றி எழுதிவிட்டு அடுத்த வகுப்பைத் தொடங்கட்டும்.